ஒளிரும் மூலக்கூறும் பொத்துவில் விவசாயியின் சிறுநீரகமும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை ஊடாக வரும் ஏ4 நெடுஞ்சாலை கிழக்குக் கடலை அண்மிக்கும் இடம் பொத்துவில். தலைநகரிலிருந்து சுமார் 320 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இப்பிரதேசத்தில் வேளாண்மையும் மீன்பிடியும் மக்களின் பிரதான சீவனோபாயங்கள். அறுகம்பை வளைகுடாவை நாடிவரும் உல்லாசப் பயணிகளால் அண்மைக்காலத்தில் இன்னொரு வருமான வழியும் திறந்துள்ளது. ஆயினும் இங்கு வாழும் ஒருவருக்குச் சிறப்பு வைத்திய நிபுணரின் ஆலோசனையோ விரிவான ஆய்வுகூடப் பரிசோதனையோ தேவைப்படின், அவர் பெரும்பாலும் வடக்கே கல்முனைக்கோ மட்டக்களப்புக்கோ அல்லது அம்பாறை நகருக்கோ பயணப்பட வேண்டியவராகின்றார். கல்முனை ஏறத்தாழ 70 கிலோமீற்றர். மட்டக்களப்பு நூறு கிலோமீற்றருக்கும் அப்பால். நாட்கூலிக்கு வயலிலே நிற்கும் ஒருவருக்கு இப்பயணம் ஒரு நாள் வருமானத்தின் இழப்பாகும். நோய் வருத்தாத வரை அவர் அந்த இழப்பைத் தாமாக ஏற்கமாட்டார்.

சிறுநீரக நோயின் கொடுமை இங்கேதான் ஆரம்பமாகின்றது. அது ஆரம்பத்தில் எவரையும் வருத்துவதில்லை. இரு சிறுநீரகங்களினதும் தொழிற்பாட்டில் ஏறத்தாழ அரைப்பங்கு குன்றிய பின்னரே குருதியிலுள்ள கிரியற்றினின் அளவு தெளிவாக உயரத் தொடங்குகின்றது. கால் வீக்கமும் களைப்பும் குமட்டலும் தோன்றும்போது நோய் வெகுதூரம் சென்றிருக்கும். அதன் பின்னர் எஞ்சுவது வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைகள் இயந்திரத்தினூடாகக் குருதியைச் சுத்திகரிப்பதும் மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பதுமே. ஒரு நாள் பயணத்தைத் தவிர்த்தவர் இறுதியில் வாழ்நாள் முழுவதும் அதே பாதையில் பயணிக்கும் நிலைக்குத் தள்ளப்படுகின்றார்.

இந்நோயை முற்கூட்டியே காட்டிக்கொடுக்கக்கூடிய சாட்சி ஒன்று உண்டு. அதுவே சிறுநீரில் கசியும் புரதம். அதனை இனங்காண்பதற்காக உலகின் பல ஆய்வுகூடங்களில் இன்று புதிய வகைப் பதார்த்தங்கள் உருவாக்கப்பட்டு வருகின்றன. நீரில் இட்டதும் தாமாகவே ஒன்றுகூடி நுண்துணிக்கைகளாகி, குறித்த புரதத்தைச் சந்தித்ததும் ஒளிரும் சேதன மூலக்கூறுகள் அவை. இவை பற்றிய செய்திகள் வெளிவரும்போதெல்லாம் நோயறிதலில் புரட்சி நிகழப்போவதாகப் பேசப்படுவது வழக்கமாகியுள்ளது. அப்புரட்சி பொத்துவிலை எட்டுமா, எட்டுவதாயின் எதன் மூலம் என்ற வினாவை நாம் இப்போதே எழுப்புவது அவசியமாகும்.

சிறுநீரில் புரதத்தைத் தேடும் முயற்சி புதியதன்று. 1827ஆம் ஆண்டு லண்டன் கைஸ் வைத்தியசாலையின் வைத்தியர் ரிச்சர்ட் பிரைட், உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் ஏந்தி மெழுகுவர்த்திச் சுடரில் சூடாக்கினார். முட்டை வெண்கரு திரள்வதுபோல் அது திரண்டது. அவ்வாறு திரண்டது அல்புமின் என்னும் புரதம். அத்தகைய நோயாளர் இறந்த பின்னர் அவர்தம் சிறுநீரகங்கள் சிதைந்திருந்ததைக் கண்ட அவர், இரண்டையும் தொடர்புபடுத்தினார். நோயுற்ற சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடும் என்ற உண்மை அன்று நிலைநாட்டப்பட்டது.

ஆரோக்கியமான மனிதரின் குருதியில் லீற்றருக்கு 35 முதல் 50 கிராம் வரை அல்புமின் உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டி அதனைத் தடுத்து வைத்துக்கொள்வதால், நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கும் குறைவான அளவே சிறுநீருடன் வெளியேறும். நீரிழிவோ உயர் குருதி அமுக்கமோ வடிகட்டியைப் பாதிக்கத் தொடங்கும்போது இவ்வளவு 30 மில்லிகிராமுக்கும் 300 மில்லிகிராமுக்கும் இடைப்பட்டதாக உயர்கின்றது. நோயை மெதுவாக்குவதற்கு மிகவும் உகந்த காலம் இதுவே. குருதி அமுக்கத்தையும் சீனியையும் கட்டுப்படுத்துவதோடு, எனலாபிரில், லொசாட்டன் போன்ற விலை குறைந்த மருந்துகளாலும் சிறுநீரகத்தின் சீரழிவைப் பல ஆண்டுகள் பின்தள்ள இயலும்.

சிறிய வைத்தியசாலைகளில் பயன்படும் நிறம்மாறும் பரிசோதனைத் துண்டு பெரும்பாலும் இக்கட்டத்தைக் கண்டுகொள்வதில்லை. லீற்றருக்கு 150 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் அல்புமின் இருந்தாலன்றி அதன் நிறமாற்றம் நம்பகமாகத் தென்படாது. அதனிலும் நுண்ணிய அளவைக் காண்பதற்குப் பிறபொருளெதிரிகளை அடிப்படையாகக் கொண்ட பரிசோதனைகள் உள்ளன. அவை நம்பகமானவை, ஆனால் அவற்றுக்குரிய பதார்த்தங்களைப் பொதுவாகக் குளிரூட்டியில் பேணவேண்டும். பயிற்றப்பட்ட ஊழியரும் இயந்திரமும் இறக்குமதிக்கான அந்நியச் செலாவணியும் தேவை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது அரச வைத்தியசாலைகளில் மருந்துகளோடு ஆய்வுகூடப் பதார்த்தங்களும் தட்டுப்பாடடைந்ததை இந்நாடு கண்டது. துறைமுகத்தில் ஒரு கொள்கலன் தாமதித்தால் கிராமத்தில் ஒரு நோய் கண்டுபிடிக்கப்படாமல் போகும் என்பதே அந்நெருக்கடி கற்பித்த பாடமாகும்.

இந்த இடைவெளியை நிரப்பும் வாய்ப்பே ஒளிரும் மூலக்கூறுகள் பற்றிய ஆய்வுக்கு அதன் முக்கியத்துவத்தை வழங்குகின்றது. கழியூதா விளக்கின் கீழ் நாணயத்தாளின் மறைவான அடையாளம் பளிச்சிடுவதை நாம் கண்டிருக்கின்றோம். கண்ணுக்குப் புலப்படாத ஒளியை உள்வாங்கிப் புலப்படும் ஒளியாக வெளிவிடும் இத்தன்மையே ஒளிர்வு எனப்படுகின்றது. நிறமாற்றத்தை அவதானிப்பது பட்டப்பகலில் எரியும் விளக்கைத் தேடுவதைப் போன்றது. ஒளிர்வை அவதானிப்பதோ அமாவாசை இரவில் விளக்கொன்றைக் காண்பதைப் போன்றது. மிகச் சிறிய அளவையும் ஒளிர்வினால் உணர முடிவதன் காரணம் இதுவே.

மூலக்கூறுகள் தாமாக ஒன்றுகூடுவதிலும் மாயம் எதுவுமில்லை. சவர்க்காரத்தின் மூலக்கூற்றில் ஒரு பகுதி நீரை நாடும். மறு பகுதி நீரை வெறுக்கும். நீரில் அவை கூட்டமாகி, வெறுக்கும் பகுதியை உள்ளேயும் நாடும் பகுதியை வெளியேயும் வைத்துக்கொள்கின்றன. இதே இயல்பை உடைய ஒளிரும் சாயமொன்றை இரசாயனவியலாளர் தொகுத்தால், அதுவும் நீரில் நனோமீற்றர் அளவிலான துணிக்கைகளாகத் திரளும். ஒரு நனோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. இவ்வாறு நெருங்கி அடுக்கப்பட்ட நிலையில் பல சாயங்கள் தம் ஒளியை இழந்து இருண்டு விடுகின்றன. குறித்த புரதம் விரும்பிப் பற்றும் ஒரு சிறு பகுதியை அச்சாயத்தின் முனையில் இரைபோல் பொருத்திவிட்டால், புரதம் அதனைக் கவ்வி மூலக்கூற்றைக் கூட்டத்திலிருந்து வெளியே இழுக்கும். தனித்துப்போன மூலக்கூறு ஒளிரத் தொடங்கும். புரதம் இல்லையேல் இருள், இருப்பின் ஒளி.

ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் இத்தாரு ஹமாச்சி தலைமையிலான குழு 2010ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இத்தத்துவத்தைத் தெளிவாக நிரூபித்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, ஐக்கிய அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் தமிழரான பேராசிரியர் தாயுமானவனின் குழுவும், புரதம் பற்றியதும் கலைந்துவிடும் மூலக்கூற்றுத் திரள்களைப் பற்றி 2008ஆம் ஆண்டிலும் 2010ஆம் ஆண்டிலும் முக்கியமான ஆய்வுகளை வெளியிட்டது. இதற்கு நேர்மாறான பாதையும் உண்டு. தனித்திருக்கையில் இருண்டும் திரண்டபோது ஒளிர்ந்தும் நடந்துகொள்ளும் மூலக்கூறுகளை ஹொங்கொங்கில் பென் ஷொங் டாங் தலைமையிலான குழுவினர் 2001ஆம் ஆண்டு அறிவித்தனர். அவ்வகைச் சேர்வையொன்றினால் மனித அல்புமினை அளவிடலாம் என அவர்கள் 2010ஆம் ஆண்டு காட்டினர். அல்புமினின் மடிப்புகளுக்குள் சிக்கிய மூலக்கூறு அசைவை இழக்க, வீணாகிய சக்தி ஒளியாக வெளிப்படுகின்றது.

இப்பதார்த்தங்களில் நமக்குப் பயன்படக்கூடிய அம்சங்கள் சிலவுண்டு. இவற்றை எளிய இரசாயனப் பொருட்களிலிருந்து தொகுக்கலாம். பிறபொருளெதிரிகளைப் போன்று இவை உயிரினங்களிலிருந்து பெறப்படுபவை அல்ல. அவற்றுள் பல அறை வெப்பநிலையிலேயே கெடாமல் இருக்கக்கூடியவை. வேறு சில ஒளிரும் நனோத்துணிக்கைகளில் உள்ளதுபோல் கட்மியம் முதலான நச்சு உலோகங்கள் இவற்றில் இல்லை. மலிவான விளக்கொன்றும் கைத்தொலைபேசியின் கமராவும் ஒளிர்வைப் பதிவுசெய்யப் போதுமானவை எனப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. குளிர்சாதனமற்ற கிளினிக் ஒன்றிலே மேசைமீது வைத்துச் செய்யக்கூடிய ஒரு பரிசோதனையை இவற்றைக்கொண்டு கற்பனை செய்வது மிகையன்று.

இத்தகைய கற்பனை நிசமானதற்கு இலங்கையருக்கு நெருக்கமான ஓர் உதாரணம் உள்ளது. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கல்விகற்ற அமில்ர பிரசன்ன டி சில்வா, வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒளிரும் மூலக்கூற்று உணரிகளை வடிவமைத்தவர். பொருளைப் பற்றும் ஒரு பகுதி, ஒளிரும் ஒரு பகுதி, இரண்டையும் பிரிக்கும் ஓர் இடைக்கண்ணி என்பது அவரது எளிய கட்டமைப்பு. பற்றும் பகுதி வெறுமையாக இருக்கும்போது அதிலிருந்து பாயும் இலத்திரன் ஒளியை அணைத்துவிடுகின்றது. தேடிய அயன் வந்து அமர்ந்ததும் அப்பாய்ச்சல் தடைப்பட்டு ஒளி பிறக்கின்றது. மூலக்கூறுகள் கணினியின் தர்க்கப் படலைகளைப்போல் இயங்கக்கூடும் என 1993ஆம் ஆண்டு நேச்சர் இதழில் நிமால் குணரத்ன முதலானோருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையும் உலகப் புகழ்பெற்றது. இந்த வடிவமைப்புத் தத்துவத்தைப் பயன்படுத்தி, குருதியிலுள்ள சோடியம், பொற்றாசியம், கல்சியம் ஆகியவற்றைச் சில துளிகளிலிருந்து உடனடியாக அளவிடும் சிறு கருவிகள் சந்தைக்கு வந்தன. வைத்தியசாலைகளிலும் அம்புலன்ஸ் வண்டிகளிலும் அவை பயன்படுத்தப்பட்டன.

இவ்வரலாறு பெருமைக்கு உரியது மட்டுமல்ல, சிந்தனைக்கும் உரியது. ஒரு நல்ல தத்துவம் நோயாளியின் படுக்கையருகே வந்துசேர்வதற்கு, இரசாயனவியலாளரின் திறமையோடு கருவி உற்பத்தியாளரின் முதலீடும் வைத்தியர்களின் பரிசீலனையும் நீண்ட காலப் பொறுமையும் தேவைப்பட்டன. அங்கே அளவிடப்பட்டவை எளிய அயன்களே. ஆயிரக்கணக்கான அணுக்களாலான, ஒன்றையொன்று ஒத்த தன்மைகளையும் உடைய புரதங்களைப் பிரித்தறிதல் அதனிலும் கடினமானது. 2010ஆம் ஆண்டை ஒட்டி ஆய்விதழ்களில் ஒளிர்ந்த மூலக்கூறுகளில் பெரும்பாலானவை இன்றும் அவ்விதழ்களின் பக்கங்களைத் தாண்டி வரவில்லை. தூய நீரில் கரைத்த தூய புரதத்தைக் கண்டறிவது ஒன்று. வயலில் நின்று வந்த விவசாயியின் சிறுநீரில் அதனைக் கண்டறிவது வேறொன்று.

இவ்வேறுபாட்டின் காரணங்கள் சாதாரண வாசகருக்கும் விளங்கக்கூடியவை. முதலாவதாக, சிறுநீரே சிறிதளவு ஒளிரும் தன்மையுடையது. அதிலுள்ள உயிர்ச்சத்து பி2உம் சில மருந்துகளும் கழியூதா ஒளியில் ஒளிர்ந்து பரிசோதனையைக் குழப்பலாம். இரண்டாவதாக, அம்பாறைக் கரையோரத்தின் வெயிலில் பகல் முழுவதும் உழைத்து, போதிய நீர் அருந்தாதவரின் சிறுநீர் செறிவானது. நிழலில் இருந்து நீர் அருந்தியவரின் சிறுநீர் ஐதானது. எனவே அல்புமினை மட்டும் அளந்தால் ஆரோக்கியமானவர் நோயாளியாகவும் நோயாளி ஆரோக்கியமானவராகவும் தோன்ற இடமுண்டு. அல்புமினையும் கிரியற்றினினையும் ஒருங்கே அளந்து விகிதத்தைக் கணிப்பதே இதற்குப் பரிகாரம். ஒளிரும் பரிசோதனை எதுவாயினும் இவ்விரண்டாவது அளவீட்டையும் வழங்க வேண்டும்.

மூன்றாவது காரணம் இலங்கைக்கே உரியது, மிகவும் பாரதூரமானது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் அவதானிக்கப்பட்டு, பின்னர் அம்பாறை மாவட்டத்தின் தெஹியத்தகண்டிய போன்ற உட்பகுதிகளிலும் பதிவான, காரணம் உறுதியாக அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் நீரிழிவினால் வருவதன்று. பெரும்பாலும் விவசாயிகளைத் தாக்கும் அந்நோய் வடிகட்டியைவிட அதனை அடுத்துள்ள நுண்குழாய்களையே முதலில் பாதிக்கின்றது. ஆதலால் ஆரம்பத்தில் அல்புமின் அதிகமாகக் கசிவதில்லை. அல்பா-1 மைக்ரோகுளோபியூலின் போன்ற சிறிய புரதங்களே முந்திய சாட்சிகளாக அமையக்கூடும் என இந்நாட்டு நோயாளரிடையே நடத்தப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. அல்புமினுக்கு மட்டும் ஒளிரும் மூலக்கூறு எவ்வளவு நுட்பமானதாயினும், இந்நோயாளியின் சிறுநீரில் இருண்டே கிடக்கலாம். அந்த இருளை ஆரோக்கியத்தின் அடையாளமாகக் கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்புவது, பரிசோதனையே செய்யாமல் விடுவதிலும் மோசமான விளைவைத் தரும்.

எந்தப் புரதத்தைத் தேடுவது என்ற வினாவுக்குக் கியோத்தோவிலோ ஹொங்கொங்கிலோ இருப்பவர்கள் நமக்காக விடை தரப்போவதில்லை. அவர்கள் தத்தம் நாட்டின் நோய்களையே முன்னிறுத்துவர், அது இயல்பானது. நமது மக்களின் நோய்க்கு ஏற்ற விடையை நமது மக்களின் மாதிரிகளிலிருந்தே தேடவேண்டும். இப்பணியைத் தொடங்குவதற்கு வேண்டிய நிறுவனங்கள் இக்கரையோரத்திலேயே உள்ளன. ஒலுவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இயங்குகின்றது. கல்முனையில் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனை உண்டு. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உண்டு. பொத்துவில் முதல் கல்முனை வரை வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் ஒரே நெடுஞ்சாலையோரம் தொடர்ச்சியாக அமைந்துள்ளன. 2008ஆம் ஆண்டு நிறுவப்பட்ட, ஹோமாகமவில் அமைந்துள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் இத்துறைக்கென்றே உருவானது.

இவை ஒன்றுசேர்ந்து புதிய மூலக்கூறொன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென நாம் கோரவில்லை. ஏற்கெனவே வெளியான மூலக்கூறுகளை வரவழைத்தோ தொகுத்தோ, நீரிழிவாளர், விவசாயி, மீனவர், கர்ப்பிணித் தாய் எனப் பலதரப்பட்ட நம்மவரின் சிறுநீர் மாதிரிகளில் அவற்றைப் பரிசீலித்து, கல்முனை ஆய்வுகூடத்தின் அளவீட்டுடன் ஒப்பிட்டு, எங்கே பொருந்துகின்றது எங்கே பிழைக்கின்றது என வெளியிடுவதே முதற்படி. கர்ப்பிணியின் சிறுநீரில் தோன்றும் புரதம் தாயையும் சேயையும் அச்சுறுத்தும் குருதி அமுக்க நோயின் அறிகுறியாகலாம் என்பதால், இதன் பயன் சிறுநீரக நோயோடு மட்டும் நின்றுவிடாது. மாதிரி வழங்குபவர்களுக்கு நோக்கத்தைத் தமிழில் விளக்கி, தமிழிலேயே சம்மதம் பெற்று, முடிவையும் அவர்களிடமே திருப்பி ஒப்படைப்பது ஆய்வாளரின் கடமை. சிறுநீரைக் கொடுத்தவர் தமது முடிவை ஒருபோதும் அறியாத ஆய்வு, அவரது நம்பிக்கையை மறுமுறை பெறமாட்டாது.

புரதத்தைக் கண்டறியும் பரிசோதனை வீதிக்கு வரமுடியும் என்பதை நம் மக்கள் ஏற்கெனவே கண்டிருக்கின்றனர். 2020ஆம் ஆண்டின் இறுதியில் அக்கரைப்பற்றுப் பகுதியில் கொவிட் பரவியபோது, அதே காலத்தில் நாட்டில் அறிமுகமான துரித அன்டிஜன் பரிசோதனை தேடியது வைரசின் புரதமொன்றையே. டெங்குக் காய்ச்சலின் முதல் நாட்களில் செய்யப்படும் என்எஸ்1 பரிசோதனையும் அவ்வாறானதே. 1,86,000இற்கும் மேற்பட்டோர் டெங்குவினால் பாதிக்கப்பட்டதாகப் பதிவான 2017ஆம் ஆண்டில் அதன் பயன் நன்கு உணரப்பட்டது. கொவிட் பரிசோதனை இவ்வளவு விரைவாகப் பரவியதற்கு அதன் நுட்பம் மட்டும் காரணமன்று. அரசு அதனைக் கொள்வனவு செய்தது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் பயிற்றப்பட்டனர். முடிவுக்குப் பின்னர் என்ன செய்வது என்ற ஒழுங்கு வகுக்கப்பட்டது. பெருந்தொற்றின் அவசரத்தில் சாத்தியமானது, ஓசையின்றிக் கொல்லும் நோய்க்கு ஏன் சாத்தியமாகக் கூடாது?

புதிய பதார்த்தம் வரும்வரை காத்திருப்பதும் தவறு. 2005-2006 காலப்பகுதியில் நடத்தப்பட்டு 2008ஆம் ஆண்டு வெளியான தேசிய ஆய்வொன்று, இலங்கையில் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவோ அதற்கு முந்திய நிலையோ இருப்பதாகக் கண்டது. அவ்வாறான ஒவ்வொருவரும், குறிப்பாக நீரிழிவு உறுதிப்பட்டவர்கள், ஆண்டுக்கொருமுறை அல்புமின்-கிரியற்றினின் விகிதத்தை அறிந்துகொள்ள வேண்டும். இப்பரிசோதனை இன்றும் உண்டு. பொத்துவிலில் பெற்ற மாதிரி கல்முனைக்குச் செல்லலாம்; நோயாளியே செல்லவேண்டியதில்லை. குளிர்ப்பெட்டியில் மாதிரிகளை ஏற்றிச் செல்லும் ஒரு வாகனமும் முடிவைத் திருப்பியனுப்பும் ஒரு தொலைபேசிச் செய்தியும் நனோ தொழில்நுட்பம் இன்றியே அத்தூரத்தைச் சுருக்கிவிடும். இந்த ஒழுங்கு இன்று உருவானால், நாளை ஒளிரும் மூலக்கூறு வரும்போது அதனை ஏற்பதற்குக் கிளினிக்கும் பழகிய ஊழியரும் நோயாளர் பதிவேடும் தயாராக இருக்கும். உருவாகாவிடின், எத்தகைய அற்புதப் பதார்த்தமும் தலைநகரின் தனியார் ஆய்வுகூடங்களிலே கட்டணம் செலுத்தக்கூடியவர்களுக்கான இன்னொரு வசதியாக முடியும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கரண்டியையும் மெழுகுவர்த்தியையும் கொண்டு பிரைட் கண்டதை, இன்று மூலக்கூறுகள் பல்லாயிரம் மடங்கு நுட்பத்தோடு காணும் ஆற்றலைப் பெற்று வருகின்றன. பிரைட்டின் மேதைமை கரண்டியில் இருக்கவில்லை. தம் முன்னே படுத்திருந்த நோயாளரையும் அவர்தம் சிறுநீரையும் இறந்தபின் அவர்தம் சிறுநீரகத்தையும் சேர்த்துப் பார்த்ததிலேயே அது இருந்தது. சம்மாந்துறையின் இரசாயனவியலாளரும் கல்முனையின் வைத்தியரும் பொத்துவிலின் விவசாயியும் அவ்வாறு ஒருவரையொருவர் சந்திப்பதற்குரிய ஒழுங்கை ஏற்படுத்துவது சுகாதார, உயர்கல்வி அதிகாரிகளின் பொறுப்பாகும். நாட்கூலியை இழந்து எழுபது கிலோமீற்றர் பயணிக்காமலே தமது சிறுநீரகத்தின் நிலையை அவ்விவசாயி அறியும் நாளிலேயே இவ்வாய்வுகள் நம்மவருக்குப் பயன் தந்தனவாகக் கருதமுடியும்.